கிணற்றுத் தண்ணீரும் ஆறடித் தொட்டியும்: சம்ப் வைத்து நன்னீர்த் தாவரத் தொட்டி அமைப்பது

உங்கள் கேள்வியின் சுருக்கம் இது. கொண்டாவிலில் உங்கள் வீட்டு முன்மண்டபத்தில் ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் ஒரு தாவரத் தொட்டி வைக்க விரும்புகிறீர்கள். தண்ணீர் வீட்டுக் கிணற்றிலிருந்து எடுப்பதாக எண்ணம். ஒரு கடைக்காரர் இந்த அளவுத் தொட்டிக்குச் சம்ப் கட்டாயம் என்கிறார், அதாவது மேல்தொட்டியிலிருந்து வழியும் நீரை வாங்கி வடிகட்டி, பம்பால் மேலே திருப்பி அனுப்பும் கீழ்த்தொட்டி. இன்னொருவர் சம்ப் வைத்தால் காபனீரொட்சைட்டு எல்லாம் பறந்துவிடும், தாவரம் வளராது என்கிறார். யார் சொல்வது சரி, எந்தத் தாவரங்களை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் யாழ்ப்பாணத்தில் இதற்குக் கிணற்றிலிருந்துதான் விடை சொல்லத் தொடங்க வேண்டும், ஏனெனில் இங்கே தாவரத் தொட்டியைக் கைவிட்டவர்களில் நான் அறிந்த பலரும் கண்ணாடியிலோ வெளிச்சத்திலோ பிழை விட்டவர்கள் அல்லர். வேறு ஊர்த் தண்ணீருக்கு எழுதப்பட்ட முறையை எங்கள் தண்ணீரில் செய்து பார்த்தவர்கள்.

குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இங்கே இல்லை. மாரியில் பெய்யும் மழை செம்மண்ணினூடாக இறங்கிச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்குகிறது, அதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். அப்படித் தங்கும்போது கல்சியமும் இருகாபனேற்றும் கரைந்து வந்துவிடுவதால் எங்கள் கிணறுகள் பெரும்பாலும் வன்னீர்க் கிணறுகள். கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படை இதற்குப் போதிய சாட்சி. வலிகாமத்தின் தோட்டப் பகுதிகளில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் உருளைக்கிழங்குக்கும் இடும் பசளையும், மலசலகூடக் குழிகளின் கழிவும் அதே வெடிப்புகள் வழியே இறங்குவதால் நைத்திரேற்றும் பல கிணறுகளில் அதிகம். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மேல் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். தோட்டம் சூழ்ந்த கிணறுகளில் அந்த எல்லை தாண்டப்படுவது இங்கே புதினம் இல்லை. கடற்கரை ஓரத்திலும் தீவுகளிலும் மூன்றாவதாக உவரும் சேர்கிறது. கொண்டாவிலில் உவர் உங்களுக்குப் பெரிய கவலையாக இராது. முதல் இரண்டும் இருக்கும்.

ஆகவே கண்ணாடிக்கு முற்பணம் கொடுக்க முன் மூன்று அளவுகளை எடுங்கள்: மொத்த வன்மை (கல்சியம் போன்றவற்றின் அளவு), காபனேற்று வன்மை (இருகாபனேற்றின் அளவு), நைத்திரேற்று. துளி விட்டுப் பார்க்கும் பரிசோதனைக் கிற் இவற்றுக்குப் போதும். நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் ரி.டி.எஸ். மீற்றர் ஒன்றும் வாங்குங்கள். விலை குறைவு, பயன் அதிகம். வன்மையைப் பாகையில் தரும் கிற் என்றால் ஒரு பாகை லீற்றருக்கு 17.8 மில்லிகிராம் கல்சியம் காபனேற்றுக்குச் சமம் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஒருமுறை மாரி முடிந்த தையிலும், இன்னொருமுறை ஆவணி, புரட்டாதியில் கிணறு அடிமட்டத்தில் இருக்கும்போதும் அளந்து பார்த்தால், ஒரே கிணறு இரண்டு கிணறுகள் போல நடப்பதைக் காண்பீர்கள்.

இந்தத் தண்ணீரை என்ன செய்வது? சிலர் எதிர்ச்சவ்வூடு (ஆர்.ஓ.) வடிகட்டி பூட்டி மென்னீராக்குகிறார்கள். சிறிய தொட்டிக்கு அது சரி. உங்கள் தொட்டியில் கிழமைக்குக் கால்வாசி மாற்றினாலே 150 லீற்றருக்கு மேல் வேண்டும். வீட்டு வடிகட்டி அந்தளவு தருவதற்குள் அதைவிடப் பல மடங்கு தண்ணீரைக் கழிவாக வெளியே விடும். நிலத்தடி நீரையே நம்பியிருக்கும் ஊரில் மீன்தொட்டிக்காக அப்படி இறைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. என் வழி வேறு: கிணற்றுத் தண்ணீரை அதன் போக்கிலேயே ஏற்றுக்கொண்டு, அதில் வாழக்கூடிய தாவரங்களையும் மீன்களையும் தெரிந்தெடுப்பது, ஆவியாகிப் போகும் தண்ணீருக்கு மட்டும் மழைநீரை ஈடுகட்டுவது. சம்ப் உங்களுக்கு ஏன் வேண்டும் என்பதற்கு என் முதற் காரணம் இதில்தான் இருக்கிறது.

இதைச் சற்று விளக்க வேண்டும். ஆறடிக்கு இரண்டடி நீர்ப்பரப்பு ஏறத்தாழ 1.1 சதுர மீற்றர். எங்கள் வெயிலில் நாளுக்கு ஐந்து மில்லிமீற்றர் ஆவியானாலும் அது ஐந்தரை லீற்றர். சம்பின் பரப்பையும் சேர்த்து ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆவியாகிப் போவது தூய நீர் மட்டும். சுண்ணாம்பு தொட்டியிலேயே நிற்கும். குறைந்த அந்த ஆறு லீற்றரைக் கிணற்றுத் தண்ணீரால் நிரப்பினால், ஒவ்வொரு நாளும் புதிதாக ஆறு லீற்றர் கிணற்றுத் தண்ணீரின் உப்பைத் தொட்டிக்குள் கொட்டுகிறீர்கள். கிணற்றின் வன்மை லீற்றருக்கு 300 மில்லிகிராம் என்றால் ஒரு மாதத்தில் 54 கிராம். 600 லீற்றர் தொட்டியில் அது லீற்றருக்கு 90 மில்லிகிராம் ஏற்றம். கிழமைதோறும் நீர் மாற்றுவோர் இதை ஓரளவு கட்டுப்படுத்துவார்கள். மாற்ற மறப்போரின் தொட்டி மெல்ல மெல்லச் சுண்ணாம்புக் காளவாய் ஆகும். மழைநீரால் நிரப்பினால் இந்தக் கணக்கே எழாது. நாளுக்கு ஆறு லீற்றர் என்றால், தையிலிருந்து புரட்டாதி வரையான ஒன்பது மாதத்துக்குச் சுமார் 1,600 லீற்றர். 2,000 லீற்றர் கொள்ளும் ஒரு பிளாஸ்ரிக் தண்ணீர்த்தாங்கி அதைத் தாங்கும். 100 சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் கணக்குப்படி 1,000 லீற்றர்; சிந்தியும் தெறித்தும் போவதைக் கழித்தாலும் 800 லீற்றர் தேறும். ஐப்பசியின் முதல் இரண்டு மூன்று மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, அதன்பின் பீலித் தண்ணீரைப் பிடியுங்கள். தாங்கியின் வாயை நுண்வலையால் இறுகக் கட்டுங்கள். டெங்கு மாரியோடு வரும் ஊர் இது. மீன் வளர்க்கிறேன் என்று நுளம்பு வளர்த்துவிடக் கூடாது.

இந்த மழைநீரை நேரே காட்சித் தொட்டிக்குள் ஊற்றலாம்தான். ஆனால் சம்ப் இருக்கும்போது காட்சித் தொட்டியின் நீர்மட்டம் எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும். ஆவியாகும் குறை முழுவதும் சம்பின் கடைசி அறையில், பம்ப் இருக்கும் அறையில்தான் தெரியும். அந்த அறையில் ஒரு மிதவை வால்வு பூட்டி, சற்று உயரத்தில் வைத்த மழைநீர்க் கலனோடு இணைத்தால் தொட்டி தன் பாட்டில் நிரம்பிக்கொள்ளும். வெளியே நிற்கும் 2,000 லீற்றர் தாங்கியை நேரே இணைத்துவிடாதீர்கள். மிதவை ஒருநாள் சிக்கினால் தாங்கி முழுவதும் மண்டபத்தில் இருக்கும். நடுவே 40 லீற்றர்க் கலன் ஒன்றை வைத்து, கிழமைக்கு ஒருமுறை கையால் நிரப்புங்கள். சிக்கினாலும் சம்ப் தாங்கக்கூடிய அளவுதான் வரும்.

இனிக் கட்டுமானம். உங்கள் தொட்டியின் முழுக் கொள்ளளவு 680 லீற்றர். மணல், கல் போகத் தண்ணீர் 600-க்குக் கிட்ட நிற்கும். 12 மில்லிமீற்றர்க் கண்ணாடியே 120 கிலோ வரும், மணல் இன்னொரு 100. சம்பையும் சேர்த்தால் மொத்தப் பாரம் ஒரு தொன்னைத் தொடும். நில வீட்டில் சீமெந்துத் தரை இதைத் தாங்கும். மேல்மாடியில் வைக்க எண்ணினால் பொறியியலாளர் ஒருவரைக் கேளாமல் வைக்காதீர்கள், ஏனெனில் வீட்டு மாடித்தளங்கள் வழக்கமாகச் சதுர மீற்றருக்கு 150 முதல் 200 கிலோ வரையான பாரத்துக்கே திட்டமிடப்படுகின்றன. தாங்குமேடையை இரும்பில் ஒட்டுவிப்பதைவிடச் சீமெந்துக் கல்லில் இரு பக்கச் சுவரும் மேலே கம்பி போட்ட கொங்கிறீற்றுத் தட்டுமாகக் கட்டுவிப்பதை நான் விரும்புகிறேன். எங்கள் ஈரக்காற்றில் இரும்பு உள்ளிருந்து துருப்பிடிப்பது வெளியே தெரிவதில்லை. முன்பக்கம் முழுவதும் திறந்திருக்கட்டும். சம்ப் பழுதானால் தொட்டியை அசைக்காமல் வெளியே இழுக்க முடிய வேண்டும். தட்டுக்கும் கண்ணாடிக்கும் இடையில் ஒரு ரெஜிபோம் தகடு போடுங்கள். மட்டம் பார்க்கும் வேலையை மேசனிடம் விட்டுவிடாமல் நீங்களே குமிழி மட்டம் வைத்துப் பாருங்கள். நீர் வழியும் விளிம்பு சாய்ந்திருந்தால் ஒரு மூலையில் மட்டும் நீர் வழிந்து, மறு மூலையில் பாசிப்படலம் தேங்கும்.

நீர் இறங்கும் குழாய்களுக்கான துளைகளைக் கண்ணாடி வெட்டும் இடத்திலேயே, ஒட்ட முன் போடுவியுங்கள். பதப்படுத்திய கண்ணாடியில் துளை போட முடியாது, நொறுங்கிவிடும். ஒட்டும் சிலிக்கனில் பூஞ்சண எதிர்ப்பி கலந்திருக்கக் கூடாது; குளியலறைக்கென விற்கும் வகைகளில் பலவற்றில் அது உண்டு, மீனுக்கு நஞ்சு.

நீர் இறங்கும் அமைப்புத்தான் காபனீரொட்சைட்டுப் பிரச்சினையின் இருப்பிடம், ஆகவே இதில் நின்று நிதானிக்க வேண்டும். உங்கள் இரண்டாவது கடைக்காரர் சொன்னது கடலுயிர்த் தொட்டிகளில் இருந்து வந்த பழைய பாணிச் சம்புக்குப் பொருந்தும். அங்கே ஒரே குழாயில் நீரும் காற்றும் கலந்து சலசலத்து இறங்கும். சில அமைப்புகளில் நீர் பிளாஸ்ரிக் பந்துகளின் மேல் தூறலாகச் சொட்டும். நீரைக் காற்றோடு அடித்துக் கலக்குவதே அதன் நோக்கம் என்பதால் கரைந்த காபனீரொட்சைட்டு வெளியேறத்தான் செய்யும். தாவரத் தொட்டிக்கு இரண்டு குழாய் போடுங்கள். முதற் குழாய் நீர்மட்டத்துக்குக் கீழே திறந்து, சம்பின் நீருக்குள் மூழ்கி முடியட்டும். அதில் ஒரு கேற் வால்வைப் பூட்டி, குழாய் முழுவதும் நீரால் நிரம்பி ஓசையின்றி ஓடும்வரை மெல்ல மெல்ல இறுக்குங்கள். காற்று உள்ளே போகாதபோது வாயு இழப்பும் பெருமளவு குறையும். இரண்டாவது குழாயின் வாய் சற்று உயரத்தில் இருக்க வேண்டும். அது அவசரக் குழாய். முதற் குழாயை இலையோ நத்தையோ அடைத்தால் நீர் அதன் வழியே இறங்கும். அதில் எந்த வால்வும் பூட்டக் கூடாது. எவ்வளவுதான் அழகாக இருந்தாலும் ஒற்றைக் குழாயில் அறுநூறு லீற்றரை நம்பாதீர்கள்.

இதோடு மூன்று சிறு விடயங்கள் சேர்ந்தால் சம்ப் வைத்த தொட்டிக்கும் வைக்காத தொட்டிக்கும் வாயு இழப்பில் பெரிய வித்தியாசம் இராது. வழியும் விளிம்பிலிருந்து, நீர் வழிந்து விழும் உட்பெட்டியின் (குழாய்கள் தொடங்கும் பெட்டி) நீர்மட்டம் இரண்டு மூன்று அங்குலத்துக்கு மேல் தாழாமல் வையுங்கள். வடிகட்டும் பொருட்கள் எல்லாம் நீரில் மூழ்கியே இருக்கட்டும். சம்பின் மேல் கண்ணாடி மூடி ஒன்றைப் பொருத்துங்கள்.

சம்பின் அளவு நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் 255 லீற்றர் கொள்ளும். அதை முழுவதும் நிரப்பி ஓட்டக் கூடாது. மின்சாரம் நின்றதும் மேலே வழியும் விளிம்புக்கு மேலுள்ள நீரும், பம்பிலிருந்து மேலே திரும்பும் குழாயின் வாய் எவ்வளவு ஆழத்தில் மூழ்கியிருக்கிறதோ அந்த ஆழத்து நீரும் கீழே இறங்கும். உங்கள் தொட்டியில் ஒவ்வொரு சென்ரிமீற்றரும் 11 லீற்றர். மூன்று சென்ரிமீற்றர் இறங்கினால் 33, குழாய்களில் உள்ளதையும் சேர்த்தால் 40 லீற்றர். ஓடும்போது 150 லீற்றரில் நிற்கும்படி தடுப்புகளை அமைத்தால் 100 லீற்றர் வெற்றிடம் கிடைக்கும்; அது தாராளம். திரும்பும் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துளை போட்டால் மட்டம் அதற்குக் கீழே இறங்கியதும் காற்று புகுந்து உறிஞ்சல் அறுந்துவிடும். என் முதற் தொட்டியில் நான் அந்தத் துளையைப் போடவில்லை. குழாய் வாய் ஓர் அடி ஆழத்தில் இருந்தது. ஓர் இரவு மின்சாரம் போய், விடியக் கால் வைத்தபோது மண்டபம் நனைந்து கிடந்தது. தொட்டியில் பாதித் தண்ணீர் இல்லை. துளை அடைபடும் என்பதால் மாதம் ஒருமுறை பல்குச்சியால் குத்திவிடுங்கள். கட்டி முடிந்ததும், மணல் போட முன், வெறுந் தண்ணீரில் ஓடவிட்டு மின்சாரத்தை நீங்களே பத்துத் தடவை நிறுத்திப் பாருங்கள்.

மணிக்கு 3,000 லீற்றர் ஓட்டம் போதும், அதாவது தொட்டியின் நீர் ஐந்து தடவை சுற்றி வரும். பம்பின் பெட்டியில் எழுதியிருக்கும் எண் உயரம் ஏற்றாமல் அளந்தது. உங்கள் அமைப்பில் நீர் ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் ஏற வேண்டியிருப்பதால், அந்த உயரத்தில் எவ்வளவு தரும் என்று வரைபில் பார்த்து வாங்குங்கள். வன்னீரில் இன்னொரு தொல்லை உண்டு. பம்பின் சுழலியிலும் அச்சிலும் சுண்ணாம்பு படியும். ஓடிக்கொண்டிருக்கும்வரை தெரியாது, நின்று குளிர்ந்தபின் மறுபடி கிளம்பாது. 2022 பங்குனி இறுதியில் நாளுக்குப் 13 மணித்தியால மின்வெட்டு வந்த நாட்களில் என் பம்ப் அப்படித்தான் நின்றது. மின்சாரம் வந்தது, பம்ப் வரவில்லை, நான் அதைக் கவனிக்க மறுநாள் ஆயிற்று. இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சுழலியைக் கழற்றி வினாகிரியில் ஊறவைக்கிறேன். சிறு இன்வேட்டர் ஒன்றில் பம்பை மட்டுமாவது இணைத்து வைப்பது நல்லது: 25 பாகை செல்சியசில் லீற்றருக்கு எட்டு மில்லிகிராமுக்கு மேல் கரையும் ஒட்சிசன், 30 பாகையில் ஏழரை மில்லிகிராம்தான் கரையும். கோடையில் மீன்களுக்கு மீதி குறைவு. மின் இணைப்புகள் எல்லாம் மின் கசிந்தால் தானே அறுக்கும் 30 மில்லி அம்பியர் ரிப் சுவிச்சின் வழியே வரட்டும். வயர்கள் செருகிக்கு வர முன் கீழே தொங்கி வளைந்து வரட்டும்.

வடிகட்டும் பொருளுக்கு அதிகம் செலவழிக்கத் தேவையில்லை. முதல் அறையில் பஞ்சு, கிழமைக்கு ஒருமுறை கழுவ. அடுத்ததில் பரும் ஸ்பொஞ்சும், உடைத்த செங்கல் அல்லது ஓட்டுத் துண்டுகளும். முருகைக்கல் மட்டும் வேண்டாம்; அது சுண்ணாம்பு. மீன் கழிவில் வரும் அமோனியாவைத் தாவரங்கள் நேரடியாகவே எடுத்துக்கொள்வதால், நன்கு வளர்ந்த தொட்டியில் அதை மாற்றும் பற்றீரியாவுக்கு வேலை பாதிதான். என் சம்பின் நடு அறையில் மணி பிளான்ற் ஒன்றின் வேர்கள் நீருக்குள் தொங்குகின்றன, இலைகள் வெளியே யன்னலோரம் படர்ந்திருக்கின்றன. நைத்திரேற்று மிகுந்த கிணற்றுக்கு அதைவிட மலிவான வடிகட்டி எனக்குத் தெரியாது.

அடித்தளத்துக்கு மணல் வாங்கும்போது ஒரு பிடியைக் கோப்பையில் இட்டுத் தேசிக்காய்ப் புளியோ வினாகிரியோ ஊற்றுங்கள். நுரைத்தால் சிப்பித்தூள் கலந்த மணல். கடற்கரை மணல் எதுவும் இந்தச் சோதனையில் தேறுவது அரிது. ஆற்று மணல் நான்கு சென்ரிமீற்றர் போதும். அதன் அடியில் இரண்டு சென்ரிமீற்றருக்குச் செம்மண் போடுவது என் வழக்கம். எங்கள் செம்மண்ணின் நிறமே இரும்பால் வந்தது. வேரால் உண்ணும் தாவரங்களுக்கு அது நெடுநாள் இருப்பு. தோட்டக் காணி மண்ணை எடுக்காதீர்கள், பசளையும் பூச்சிமருந்தும் இருக்கும். பயிர் செய்யாத காணியில், மேல்மண்ணை நீக்கி, ஒரு முழம் ஆழத்திலிருந்து எடுத்து, பலமுறை நனைத்தும் காயவைத்தும் பாவியுங்கள். ஒருமுறை போட்டபின் தாவரத்தைப் பிடுங்கிப் பிடுங்கி இடம் மாற்றினால் தொட்டி கள்ளிறக்கிய முட்டி போலக் கலங்கும். எங்கே எது என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

தாவரங்களில் உங்களுக்குக் கிடைக்கும் பெரும் பேறு, எங்கள் தீவுக்கே உரிய கிரிப்டோகொரைன் இனங்கள். வென்ட்டியை, பெக்கெற்றியை, வோக்கரி, எல்லாவற்றிலும் சிறிய பார்வா எல்லாம் இலங்கையின் சொந்தச் செடிகள். உலகம் முழுவதும் தொட்டிகளில் வளர்க்கப்படும் இவற்றில் வென்ட்டியையும் பெக்கெற்றியையும் வன்னீரைப் பொறுத்துக்கொள்கின்றன, குறைந்த வெளிச்சத்திலும் வளர்கின்றன. நட்ட இரண்டாம் கிழமை இலைகள் கரைந்து கூழாகும். பயந்து பிடுங்கி எறியாதீர்கள். நீர் மாறியதற்கு அவை காட்டும் எதிர்வினை அது, வேரிலிருந்து புதிதாகத் தளிர்க்கும். பண்ணையில் வளர்த்தவற்றையே வாங்குங்கள், ஓடைகளில் பிடுங்கி விற்பவரிடம் வாங்காதீர்கள். பின்வரிசைக்கு வலிஸ்னேரியா. நீரில் கரைந்த இருகாபனேற்றையே உடைத்துத் தனக்குக் காபன் எடுக்கும் ஆற்றல் அதற்கு உண்டு, ஹைட்ரில்லாவுக்கும் அவ்வாறே. வேறிடங்களில் குறையாகச் சொல்லப்படும் எங்கள் வன்மை இவற்றுக்குச் சாப்பாடு. நண்பகலில் இலையின் மேல் வெள்ளைப் பொருக்கு தென்பட்டால் அது நோயல்ல. காபனை எடுத்தபின் எஞ்சிய சுண்ணாம்பு. நடுவில் கொட்டி இனத்து அபோனோஜெற்றன் கிறிஸ்பஸ் ஒன்றிரண்டு வையுங்கள்: குளம் வற்றினால் கிழங்காய்க் கிடந்து மழைக்குத் துளிர்க்கும் குடும்பம் அது, தொட்டியிலும் சில மாதம் ஓய்ந்து கிடந்தால் செத்ததென்று எண்ணிவிடாதீர்கள். நீர்ப்பிரமி, ஜாவாப் பன்னம், அனுபியாஸ் ஆகியனவும் நிற்கும். ரோனினா, எரியோகோலன் போன்ற மென்னீர்ச் செடிகளின் படத்தைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம்.

இந்தத் தெரிவோடு முதல் ஆறு மாதம் காபனீரொட்சைட்டுச் சிலிண்டர் இல்லாமலே நடத்துங்கள் என்பது என் ஆலோசனை. பிறகு வேண்டுமென்றால் பூட்டலாம். அப்போது ஒரு கணக்கை மறக்காதீர்கள். கரைந்த காபனீரொட்சைட்டு, காபனேற்று வன்மை, நீரின் அமில காரத் தன்மையைக் காட்டும் பி.எச். பெறுமானம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. வன்மை 4 பாகை உள்ள நீரில் பி.எச். 6.6 என்றால் வாயு லீற்றருக்கு 30 மில்லிகிராம். தாவரத் தொட்டிக்கு அதுவே மேல் அளவு. உங்கள் கிணறு 14 பாகை என்று வையுங்கள்: அதே வாயு அளவு அங்கே பி.எச். 7.2-க்குக் கிட்டவே வந்துவிடும். 6.6 வர வேண்டும் என்று எங்கோ வாசித்துவிட்டு வாயுவைத் திறந்துகொண்டே போனால் 100 மில்லிகிராமைத் தாண்டி, விடிய மீன்கள் மிதக்கும். வாயுவின் அளவை நிறத்தால் காட்ட, தொட்டிக்குள் பொருத்தும் சிறு குடுவைக்குள் தொட்டித் தண்ணீரை ஊற்றாமல், 4 பாகைக்கென அளந்து விற்கும் கரைசலை ஊற்றினால் பச்சை நிறம் 30 மில்லிகிராமைச் சரியாகக் காட்டும். வாயுவைத் திரும்பும் பம்பின் வாயருகே விட்டால் சுழலியே அதை நொறுக்கிக் கரைத்துவிடும்.

பசளை விடயத்திலும் பெட்டியில் எழுதியிருப்பதை அப்படியே செய்யாதீர்கள். பொற்றாசியம் நைத்திரேற்றை எல்லோரும் போடுவார்கள். கிணற்றிலேயே நைத்திரேற்று 30, 40 இருக்கும்போது அதை மேலும் போடுவது பாசிக்கு விருந்து. பொற்றாசியம் சல்பேற்றும், சிறிதளவு பொசுபேற்றும், இரும்பும் போதும். இரும்பைக் கரைந்த நிலையில் பிடித்துவைக்கச் சேர்க்கும் பொருட்களில் ஈ.டி.ரி.ஏ. சேர்ந்த வகை எங்கள் பி.எச். பெறுமானத்தில் நிலைக்காது, விரைவில் வீழ்படிவாகும், டி.ரி.பி.ஏ. சேர்ந்தது ஓரளவு தாக்குப்பிடிக்கும். எல்.ஈ.டி. விளக்கு லீற்றருக்கு 20 லூமன் அளவில், ரைமரில் நாளுக்கு ஆறு மணித்தியாலம். மேற்கு யன்னல் வெயில் தொட்டியில் விழக் கூடாது.

சூடாக்கி எங்களுக்கு வேண்டாம், குளிராக்கல்தான் வேண்டும். சித்திரையில் நீர் 31 பாகை செல்சியசைத் தொடும்போது, சம்பின் மூடியை ஒரு பக்கம் திறந்து, கணினியில் பூட்டும் சிறு காற்றாடி ஒன்றை நீர்ப்பரப்பின் மேல் ஓடவிடுங்கள். ஒரு லீற்றர் நீர் ஆவியாவது 600 லீற்றரின் வெப்பத்தை ஏறத்தாழ ஒரு பாகை இறக்கும் அளவு சக்தியை எடுத்துச் செல்கிறது. அறைக் காற்று மறுபடி சூடேற்றும் என்றாலும் இரண்டு பாகை குறைவதைக் காணலாம். மழைநீர்ச் செலவு அந்த மாதங்களில் கூடும், கணக்கில் சேருங்கள்.

மீன்களுக்கு அவசரப்படாதீர்கள். எங்கள் நீரில் இதற்குத் தனிக் காரணம் உண்டு: அமோனியாவின் நச்சு வடிவம் 28 பாகை செல்சியசில் பி.எச். 7-இல் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு, பி.எச். 8-இல் ஆறு, ஏழு. மென்னீர்க்காரர் தப்பிக்கொள்ளும் பிழையை நாங்கள் செய்தால் மீன் சாகும். தாவரங்கள் வேரூன்றி, அமோனியாவும், அது நைத்திரேற்றாக மாறும் வழியில் வரும் நச்சான நைத்திரைற்றும் பூச்சியமாக நிற்க நான்கு முதல் ஆறு கிழமை ஆகும். அதன்பின் கப்பி, பிளாற்றி, மொலி, வாள்வால் மீன் ஆகியவற்றோடு தொடங்குங்கள். இவை வன்னீரையே விரும்புபவை. வானவில் மீன்களும் ஆறடி நீளத்தில் அழகாக நீந்தும். சேரைத் தேடிச் சுத்தம் செய்யும் என்று கடையில் தரும் சக்கர் மீனை வாங்க வேண்டாம். விரலளவில் வாங்கியது ஓர் அடிக்கு மேல் வளரும், செடிகளைக் கிளப்பும். வைத்துக்கொள்ள முடியாமல் குளத்தில் விட்டவர்களால் அது இலங்கை நீர்நிலைகளில் பெருகிவிட்டது. கப்பிக் குஞ்சுகள் எப்படியும் வலையைத் தாண்டிச் சம்புக்குள் இறங்கும். பம்பின் வாய்க்கு ஸ்பொஞ்சு ஒன்றைப் பூட்டிவிட்டால் அங்கேயே வளரும். என் மேல்தொட்டியில் உள்ளதைவிடக் கீழே எண்ணிக்கை கூட.

இப்போது புரட்டாதி. பீலியும் தாங்கியும் ஐப்பசி மழைக்கு முன் தயாரானால், தொட்டியைக் கார்த்திகையில் நட்டு, தை பிறக்க மீன் விடலாம். கிணற்றின் மூன்று அளவுகளும் கையில் வந்ததும் எழுதுங்கள். காபனேற்று வன்மை 18 பாகைக்கு மேல் நின்றால் மட்டும் நீர் மாற்றும்போதும் மூன்றில் ஒரு பங்கு மழைநீர் கலக்க வேண்டியிருக்கும், அப்போது 2,000 லீற்றர்த் தாங்கி போதாது.